பேர் வெட்டிய கல்

தலவாக்கலைக்கு மேலே, பஸ் திரும்புகிற கடைசி இடத்தில் ஒரு தோட்டம் இருக்கிறது. அதன் பேரை மட்டும் கேட்காதீர்கள், கண்ணுகளா. பேர் என்றாலே நான் ஏன் தயங்குகிறேன் என்று போகப்போக உங்களுக்கே தெரியும்.

ஆனி மாத மழையில் ஒரு காலை ஜீவராணி அங்கே வந்து இறங்கினாள். ஹட்டன் டவுனில் பிறந்து வளர்ந்தவள், அப்பா வாத்தியார். தோட்டத்துப் பழைய ஆஸ்பத்திரியை மியூசியம் ஆக்கியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. கதவைத் திறந்ததும் சூடமும் சுண்ணாம்பும் நனைந்த இரும்பும் கலந்த வாடை. கடைசி அறையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு.

மற்ற எலும்புக்கூடுகள், கம்பியை எடுத்தால் கலகலவென்று கொட்டிவிடும். இது கொட்டாது. உயிரோடு இருக்கும்போதே அந்தப் பெண்ணின் சதை எலும்பாக மாறியிருந்தது. முதுகில் பலகை பலகையாக எலும்பு. விலாவிலிருந்து இடுப்புக்கு வேர் இறங்கியதுபோல எலும்பு. தாடை பூட்டிக்கொண்டு, பல்லோடு பல் இறுகிக் கிடந்தது. பத்து இலட்சத்தில் ஒருவருக்கு வருகிற நோயாம். அதனால்தான் அந்தக் காலத்து வெள்ளைக்கார டாக்டர் அவளைப் புதைக்க விடவில்லை. காலடியில் ஒரு தகரச் சீட்டு. ‘பதினான்கு’ என்று எண் மட்டும்.

நோய் போகாத ஒரே இடம் விரல்கள். வலது கை விரல்களைக் கோர்த்த கம்பிதான் ஜீவராணியின் உயிரை வாங்கியது. சாயங்காலம் கட்டுவாள். காலையில் அறுந்து, விரல்கள் அலமாரிக்குள் சிதறிக் கிடக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கட்டுவாள். மறுபடி அறும். பூஞ்சணத்தை மெல்லிய பிரஷால் துடைத்தால், மூடுபனி மறுநாளே திரும்பக் கொண்டுவந்து அப்பும். துருப்பிடிக்காத கம்பியும் ஈரம் உறிஞ்சுகிற மெஷினும் கேட்டு ஐந்து கடிதம் போட்டாள். ஒரு மூட்டை சுண்ணாம்பு வந்தது.

“சுண்ணாம்ப வச்சு நான் என்னாங்க செய்ய? வெத்தல போடவா?” என்று போனில் கத்தினாள்.

“ஃபைலக் காணோம் மிஸ். கெடச்சதும் பாக்குறேன்,” என்றான் கொழும்பு அலுவலகத்துக் கிஷாந்த்.

எரிச்சலில் அவளே மருந்து அலமாரியைக் குடைந்தாள். கரையான் தின்றது போக ஒரு நோட்டு அகப்பட்டது. அந்தக் காலத்தில் மருந்து கொடுத்தவர் எழுதியது.

‘வீரம்மா. வயது முப்பத்தொன்று. வாய் திறக்காது. பல்லிடுக்கில் கஞ்சி ஊற்றுகிறோம். அதே பல்லிடுக்கில் தினமும் ஒன்றையே சொல்கிறாள்: என் பேர வெட்டச் சொல்லுங்க.’

ஜீவராணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அம்மாவின் கல்லறையில் ‘மரியநாயகி’ என்று ஆழமாகப் பேர் வெட்டிய கல் நிற்கிறது. மண்ணும் கிடைக்காமல், கல்லும் கிடைக்காமல், பதினான்காக நிற்கிற இவள் கேட்டதும் அதைத்தானே?

அனுமதி கேட்டு எழுதினாள். ‘எண் போதுமானது’ என்று பதில் வந்தது. இதற்கு மட்டும் நாலே நாளில்.

போங்கடா என்று, கல்லறைக் கல் செதுக்குகிற ஆண்டியப்பனைக் கூட்டி வந்தாள்.

“பொறந்த வருசம், செத்த வருசம், ஒரு வசனம்னு கேப்பாங்க. வெறும் பேரு மட்டும் வெட்டச் சொன்ன மொத ஆளு நீங்கதாம்மா,” என்றார் அவர்.

“அவங்க கேட்டது அவ்வளவுதாங்க.”

வீரம்மா. கருங்கல்லில் விரல்நுனி புதைகிற ஆழம். அலமாரிக்குள், காலடியில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் காலை கம்பி அறவில்லை. ஜீவராணிக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து பார்த்தாள்.

விரல் எலும்புகளின் நுனியில் பச்சைக் கறை.

பாத எலும்பில் சேறு. காயாத சேறு.

பூட்டு போட்டது போட்டபடி இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால்தான் பெரட்டுக்களம். கொழுந்து பறிக்கும் பெண்கள் பனியில் வரிசையாக நிற்க, கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார்.

“நாகலெட்சுமி.”

“இருக்கேங்க.”

“லோஜினி.”

“இருக்கேங்க.”

தினமும் கேட்கிற சத்தம்தான். கடைசிப் பேரும் முடிந்தது. நோட்டை மூடுகிற சத்தமும் கேட்டது.

அறைக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

இறுகிய பற்களுக்கு நடுவே, காற்று சீறுவதுபோல:

“இருக்கேங்க.”

ஜீவராணி போட்ட கூச்சலில், மலைக்கு ஏறவிருந்த நாகலெட்சுமி கூடையோடு ஓடி வந்தாள். அந்தத் தோட்டத்திலேயே நரைத்தவள். கல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“யாரு புள்ள இத வச்சது?”

“நான்தாங்க அக்கா. பேர வெட்டச் சொல்லிக் கேட்டிருக்காங்க, நோட்டுல எழுதியிருக்கு...”

நாகலெட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். “அடி டவுன்காரி! தோட்டத்துல பேர வெட்டுறதுன்னா செக்ரோல்லேருந்து, அந்தப் பேர் கூப்பிடுற நோட்டுலேருந்து, எடுத்துடறது. பேரு இருக்குற மட்டும் வேலைக்கி வந்தாகணும். ஒடம்பு கல்லாப் போனவ, என்னை விட்டுடுங்கன்னு கெஞ்சியிருக்கா. நீ அழியாத மாதிரி பதிஞ்சு வச்சிருக்க!”

ஜீவராணி அந்த விரல்களைப் பார்த்தாள். விரல் இல்லாதவளைக் கொழுந்து பறிக்கக் கூப்பிட மாட்டார்கள். கம்பி தானாக அறவில்லை. ஒவ்வொரு நாளும் வீரம்மாவேதான் உதிர்த்துப் போட்டிருக்கிறாள்.

தான்தான் ஒவ்வொரு நாளும் எடுத்துக் கட்டியிருக்கிறாள்.

கல்லைக் கொத்திப் போட ஆண்டியப்பனுக்கு ஆள் அனுப்பினாள். அவர் வருமுன்னே கொழும்பு வேன் வந்து நின்றது.

“ஃபைல் கெடச்சிட்டு மிஸ்!” என்று கிஷாந்த் சிரித்துக்கொண்டே இறங்கினான். ஈரம் உறிஞ்சும் மெஷின் வந்திருந்தது. புது அலமாரி வந்திருந்தது. கம்பியும் வந்திருந்தது, துருப்பிடிக்காதது, ஒருக்காலும் அறாதது. வேலையாட்கள் விரல் விரலாக இறுக்கிக் கட்டினார்கள். கிஷாந்த் கல்லைப் பார்த்து, “நல்லா இருக்கே!” என்று போட்டோ எடுத்தான்.

“சேர், அந்தப் பேர எடுத்துடணும்,” என்று ஜீவராணி கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள்.

“நீங்கதானே மிஸ் கேட்டீங்க? பேரு ரெஜிஸ்டர் ஆயிட்டு. இனி மாத்த ஏலாது.”

கல்லையும் உள்ளே வைத்துப் பூட்டிய புது அலமாரியின் சாவி கொழும்புக்குப் போய்விட்டது. அதன் பிறகு அவள் போட்ட கடிதங்களுக்குச் சுண்ணாம்புகூட வரவில்லை.

ஜீவராணி வேலையை விட்டுப் போகவில்லை, கண்ணுகளா. அவளை அப்படி விட்டுவிட்டு எப்படிப் போவாள்? இன்றைக்கும் பெரட்டுக்கு முன்னால் கண்ணாடி ஓரமாக வந்து நிற்கிறாள். மெல்ல, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்கிறாள்.

“இன்னைக்கி வேலை இல்ல வீரம்மா. நீங்க போக வேணாம்.”

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு சொட்டு ஈரமும் இருக்காது. இருந்தாலும் கண்ணாடியின் உட்புறம், அந்தப் பல் வரிசைக்கு நேராக, ஆவி படியும்.

“பேரு இருக்கேங்க.”