மூட்டை கட்டுகிறவள்

ஹோட்டல் வேன் ஓட்டுநர் அவளுடைய பெட்டியைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறினார். அறைக் கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த அயல்நாட்டில் அவளுக்குத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள் அவர்தான்.

"உள்ள வச்சிடுங்கண்ணே."

"நீயே இழுத்துக்கம்மா. இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

மூன்று மாடி ஏறும்வரை பிடிக்காத இடுப்பு, வாசற்படியில் வந்தா பிடிக்க வேண்டும்? அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

கட்டில், அலமாரி, பக்கத்துச் சுவரைப் பார்த்த ஜன்னல். எங்கிருந்தோ ஈரக் கம்பளி வாடை. பரவாயில்லை, தலை சாய்க்க இடம் இருக்கிறது. ஹோட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி வேலை. இரவு ஷிப்ட், இரண்டு வருட ஒப்பந்தம். கட்டினவன் போனபிறகு அவளும் மகளும் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது அண்ணன், "பத்து நாள் தாங்க மாட்டே" என்றான். "பார்க்கலாம்" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டு வந்தவள் அவள்.

முதல் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து, பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கி, திரையை இழுத்துவிட்டு, அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். மதியம் கண் விழித்தபோது பெட்டி வாசலருகே நின்றது.

அலமாரியில் ஒரு துணிகூட இல்லை.

பெட்டியைத் திறந்தாள். எல்லாம் உள்ளே இருந்தன. ஆனால் அவள் மடிக்கிற மடிப்பு இல்லை. சேலைகளின் முனைகள் ஹோட்டல் விரிப்புகளைப்போல் உட்பக்கம் செருகப்பட்டிருந்தன. தூக்கத்தில் தானே செய்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு மறுபடி அடுக்கினாள்.

மறுநாளும் பெட்டி வாசலில் நின்றது.

மூன்றாம் நாள் காலிப் பெட்டியைக் கயிற்றால் இறுகக் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தாள். உச்சி வேளை. தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

அலமாரிக்குள் ஹேங்கர் ஒன்று நகர்ந்தது.

இன்னொன்று.

சேலையை உதறும் சத்தம். கயிறு அவிழ்ந்து தரையில் விழும் சத்தம். பிறகு அவள் கால்மாட்டில், யாரோ உட்கார்ந்ததுபோல் மெத்தை அமுங்கியது.

அவள் கண்ணைத் திறந்தாள். யாரும் இல்லை. பள்ளம் மட்டும் இருந்தது. காதருகே ஈரமான மூச்சு, அவளுக்குத் தெரியாத ஏதோ பாஷையில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது.

அன்று மாலை வேனில் ஏறியதும் அந்தச் சொல்லை ஓட்டுநரிடம் சொல்லிக்காட்டினாள். அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

"'வீட்டுக்கு'ன்னு அர்த்தம்மா. உனக்கு முன்னாடி அந்த ரூம்ல இருந்தவ பாஷை. அவளும் சலவைதான். அஞ்சு வருஷமா லீவே கிடைக்கல. கிடைச்ச அன்னிக்குப் பெட்டி கட்டிட்டு கட்டில்ல உட்கார்ந்தவ, எந்திரிக்கவே இல்ல. ஊருக்கு அனுப்ப ஆள் இல்லாம இங்கயே புதைச்சிட்டாங்க." கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "வேற ரூம் பார்க்கட்டுமா?"

"நான் எதுக்குக் கட்டிலைக் காலி பண்ணணும்? போகணும்னு தவிக்கிறது அவதானே."

அடுத்த ஒரு வாரம் அவர்கள் இருவருக்கும் மல்லுக்கட்டுதான். அவள் பிரிப்பாள், அது கட்டும். கட்டிய பெட்டியைப் பார்த்து, "மடிப்பு நல்லாத்தான் இருக்கு, நம்ம சூப்பர்வைசர்கிட்ட சொல்றேன்" என்று வம்புக்கு இழுக்கக்கூடச் செய்தாள்.

பிறகு ஒரு மதியம், காரின் ஹாரன் சத்தத்தில் விழித்தாள்.

தெரு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

வெறுங்கால். ஒரு கையில் பெட்டி. மறு கையில் பாஸ்போர்ட்.

மூன்று மாடியையும் மூச்சிரைக்க ஏறினாள். அறைக்குள் வந்ததும் பயம் கோபமாக மாறிவிட்டது. பெட்டியைக் கட்டில்மேல் தூக்கி எறிந்தாள்.

"என் காலாலயே என்னை நடத்திக் கூட்டிட்டுப் போறியா? நல்லாக் கேட்டுக்க. என் பொண்ணு தலைநிமிர்ந்து வாழணும்னு வந்திருக்கேன். நான் போக மாட்டேன். உனக்குப் போகணும்னா தாராளமா போ. என் பெட்டியை எடுத்துக்க. என் சேலையைக் கட்டிக்க. என்னை மட்டும் விட்டுடு."

அறை மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. மெத்தையின் பள்ளம் மெதுவாக நிமிர்ந்தது.

தூங்கி விழித்தபோது பெட்டியைக் காணோம். நீலச் சேலையையும் காணோம். பாஸ்போர்ட் மட்டும் தலையணைமேல் கிடந்தது. போனால் போகிறது, பீடை விட்டது என்று நிம்மதியாகச் சிரித்தாள்.

நாலு நாள் கல்லாய்க் கிடந்து தூங்கினாள். ஐந்தாம் நாள் மதியம் மகள் அழைத்தாள். குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"அம்மா, நீ எங்க இருக்கே?"

"இதென்னடி கேள்வி, ரூம்லதான்."

"அப்ப சமையல்கட்டுல யாரும்மா? காலையில வந்தே. நீலச் சேலை. மாமா உன்கிட்டதான் பேசிட்டிருக்காரு."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். குரலை நடுங்கவிடவில்லை.

"போனை அவகிட்ட குடு."

"பயமா இருக்கும்மா."

"குடுடி. நான் இருக்கேன்."

கைமாறும் சத்தம் கேட்டது.

"நான் போகச் சொன்னது உன் வீட்டுக்கு" என்றாள் அவள். "என் வீட்டுக்கில்ல. என் பொண்ணு மேல ஒரு விரல் பட்டாலும், கடலை நீந்தி வந்தாவது உன்னை வெளிய இழுத்துப் போடுவேன்."

மறுமுனையில் யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு அவளுடைய சொந்தக் குரல், அட்சரம் பிசகாத தமிழில், பொறுமையாகச் சொன்னது:

"பிள்ளை இன்னும் சாப்பிடல. அப்புறம் பேசு."