இருபத்தாறு இரவுகளுக்குச் சாப்பாடு

கூட்டுத்தொகை மூவாயிரத்து எண்ணூறு டாலர் அதிகமாக வந்தது.

டெஸ்மண்ட் ட்ரெம்பாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் மேலிருந்து பார்த்தார். லிஸ்பன் ஐந்து இரவு, செவில் நான்கு, ரோம் ஆறு, வியன்னா ஐந்து, ப்ராக் ஆறு. விமானம், ரயில், அறை வாடகை, காப்பீடு, சாப்பாடு என்று எல்லாவற்றையும் முந்தின நாளே காகிதத்தில் கூட்டிச் சரிபார்த்திருந்தார். முப்பத்தெட்டு வருடம் தானியக் கிடங்கின் கணக்கைப் பார்த்தவர். ஒரு சென்ட் இடித்தாலும் அது எங்கே இடிக்கிறது என்று தெரியாமல் வீட்டுக்குக் கிளம்பியதில்லை.

வெளியே ஜனவரி வெயில் நாற்பத்து நான்கு டிகிரியில் நின்றது. உள்நாட்டிலிருந்து வீசிய வடக்குக் காற்று கோதுமைத் தாளின் புழுதியைக் கொண்டுவந்து தெற்கு ஆஸ்திரேலியாவின் கடினா ஊர் முழுவதும் கொட்டிக்கொண்டிருந்தது. காலை எட்டு மணிக்கே வீட்டின் எல்லா ஜன்னல்களையும் மூடித் திரைகளை இறக்கிவிட்டதால், பிற்பகல் இரண்டரை மணிக்குச் சமையலறை இருட்டிக் கிடந்தது. கனத்த கல் சுவர்களுக்குள் பழைய மரத்தின் வாசனையும் சோப்பு வாசனையும் அசையாமல் தங்கியிருந்தன. பின்பக்கத்துத் தகரக் கூரை மட்டும் சூட்டில் நீண்டு, ஒரு தட்டு, சற்று இடைவெளி, இன்னொரு தட்டு என்று யாரோ விரல் மடக்கிக் கதவைத் தட்டுவதுபோலச் சத்தமிட்டது.

"என்ன, பேய் அறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க?" என்றாள் அவர் மனைவி க்ளெனிஸ். எதிரில் அமர்ந்து, ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ரோம் நகர வரைபடத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். "ப்ராக்ல பீர் குடிக்கக்கூடக் காசு மிஞ்சாதா?"

"தொகை இடிக்குது."

"உனக்கா? இதை நாலு பேர்கிட்ட சொல்லணுமே. அஞ்சு மணிக்குள்ள முன்பணம் கட்டணும், ஞாபகம் வெச்சுக்க. விட்டா இந்த விலை போயிடும். அப்புறம் நீயும் நானும் மூண்டா கடற்கரையில உட்கார்ந்து ஐஸ்கிரீம் நக்க வேண்டியதுதான்."

டெஸ்மண்ட் மடிக்கணினித் திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். பதினான்காவது வரியில் விரல் நின்றது.

*அம்மா: 3,800.*

மூன்று வருடத்துக்கு முந்தைய ஜப்பான் பயணத்துக்குப் போட்ட அட்டவணையைத்தான் நகலெடுத்து, ஊர்ப் பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார். ஆனால் இந்த வரி அந்தப் பழைய அட்டவணையிலேயே கிடையாது. அதை அழித்தது அவரேதான். இதே மேசை, இதே நாற்காலி.

அப்போது அம்மா ஐடாவுக்கு எண்பத்தெட்டு வயது. பின்தாழ்வாரத்தை அடைத்துக் கட்டிய தகரக் கூரை அறையில் இருந்தாள். இவர்கள் ஜப்பானில் இருக்கும் பதினான்கு நாளும் அவளை ஊர் முதியோர் இல்லத்தில் தங்கவைக்க மூவாயிரத்து எண்ணூறு டாலர் ஆகும் என்றார்கள். "ட்ரெம்பாத் குடும்பத்தார் பெற்றவர்களை இல்லத்தில் விடுவதில்லை" என்று தேவாலய வாசலில் பத்துப் பேர் காதுபடச் சொல்லிவிட்டு வந்தார் டெஸ்மண்ட். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. வீட்டுக்கு வந்து அந்த வரியை அழித்தார். மிஞ்சிய பணத்தில் கியோட்டோவில் வெந்நீர் ஊற்று உள்ள விடுதியில் நான்கு இரவு எடுத்தார்.

க்ளெனிஸ் பதினான்கு டப்பாக்களில் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து, ஒவ்வொன்றிலும் காகித டேப் ஒட்டிக் கிழமை எழுதி, அம்மாவின் அறையிலிருந்த சின்ன ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் அடுக்கினாள்.

திரும்பி வந்தபோது மூன்று டப்பாக்கள் அந்த அறையின் பாத்திரம் கழுவும் தொட்டியருகே கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பதினொன்று அடுக்கியது அடுக்கியபடியே இருந்தன. அந்த வாரம் வெயில் நாற்பத்தைந்து.

டெஸ்மண்ட் பதினான்காவது வரியை அழித்தார். தொகை குறையவில்லை.

"கொஞ்சம் ஐஸ் எடுத்துக்கறேன்" என்று எழுந்தார்.

சமையலறை ஃப்ரிட்ஜின் மேல்கதவைத் திறந்ததும் குளிர்ப்புகை முகத்தில் வந்து விழுந்தது. ஐஸ் தட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. மூடியில் காகித டேப். நீல மசியில், *திங்கள்.*

"நீ ஏதாவது சமைச்சு வெச்சியா?"

"இந்த வெயில்ல அடுப்புப் பக்கம் போவேனா? எனக்கென்ன பைத்தியமா?"

அவர் கதவை மூடினார். ஐஸ் எடுக்கவில்லை.

தொலைபேசி அடித்தது. பெர்த்தில் இருக்கும் தங்கை லோர்னா. அம்மா இறந்த மாதம் என்பதால் ஜனவரி முழுவதும் அடிக்கடி அழைப்பாள். அழைத்தால் கேட்பது ஒன்றுதான். அடக்கத்தின்போது டெஸ்மண்ட் எழுந்து நின்று, "நான் தினமும் சாயங்காலம் அம்மாவோடு பேசினேன், கடைசி நாள்கூடச் சிரித்துப் பேசினார்" என்று சொல்லியிருந்தார். உண்மையில் அவர் ஒரு முறைகூடப் பேசவில்லை. அங்கிருந்து பேச நிமிடத்துக்கு மூன்று டாலர் என்றார்கள். அந்த வரியையும் அழித்திருந்தார். கியோட்டோவில் கழுத்தளவு வெந்நீரில் அமர்ந்து, தலையில் பனி விழ, அம்மாவை ஒரு தரம் கூப்பிட வேண்டும் என்று நினைத்தது நினைவிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

"அண்ணா, தொந்தரவா?"

"இல்லம்மா, சொல்லு."

"நேத்து அம்மா கனவுல வந்தா. எங்கேயோ கிளம்புற மாதிரி தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டு. அந்தக் கடைசி நாள் என்ன பேசினா, இன்னொரு வாட்டி சொல்லேன்."

"வெயிலைப் பத்திப் பேசினா. உன்னைக் கேட்டா. அப்புறம் சிரிச்சா."

"எப்படிச் சிரிச்சா?"

"வயசானதுல அவ சிரிப்பே மாறியிருந்துச்சு. முதல்ல மூக்கால ஒரு இழுப்பு, அப்புறம் இருமல் மாதிரி."

லோர்னா மூக்கை உறிஞ்சினாள். "சாப்பிட்டாளாமா?"

"ம். ஆட்டுக்கறிக் குழம்புன்னு சொன்னா."

அதைச் சொல்லி வாயை மூடுவதற்குள் வாசனை வந்தது. ஆட்டுக் கொழுப்பும் கேரட்டும் மிளகும் கலந்து சூடேறிய வாசனை. அம்மாவின் அறைக்குப் போகும், மூடிக் கிடந்த பின்வாசல் கதவின் அடியிலிருந்து கிளம்பி, தரையோடு தவழ்ந்து வந்து, அவர் முழங்கால் உயரத்துக்கு எழுந்து நின்றது. அதோடு ஒரு மெல்லிய ரீங்காரம். பின்னறையில் மைக்ரோவேவ் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அறைக்கு மின்சாரத்தைத் துண்டித்து மூன்று வருடமாகிறது.

"அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

க்ளெனிஸ் வரைபடத்தை மடித்துவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவகிட்ட உண்மையைச் சொல்லிடு டெஸ்."

"எதை?"

"நாம ஃபோன் பண்ணலை. பதினோரு டப்பா அப்படியே இருந்துச்சு. அதைத்தான். அன்னைக்கு நானும்தான் தலையாட்டினேன், உன்னை மட்டும் சொல்லலை. ஆனா ஒவ்வொரு வருஷமும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா நீளுது. என்னால கேட்டுட்டு இருக்க முடியலை. இப்பவே கூப்பிட்டுச் சொல்லு. சொன்னாத்தான் நான் நிம்மதியா விமானம் ஏறுவேன்."

"ஊர்ல நம்ம பேர் என்ன ஆகும்? என் அப்பா பேரு தேவாலயச் சுவர்ல இருக்கு."

"பேரு."

"ஆமா, பேருதான்."

"அப்ப அந்தப் பேரையே கூட்டிட்டுப் போ, ஐரோப்பாவுக்கு." அவள் எழுந்து படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் உட்கார்ந்தபடியே இருந்ததில் மணி நாலே முக்கால் ஆகிவிட்டது. தகரக் கூரை தட்டியது. இடைவெளி. தட்டியது. பின்னறையின் ரீங்காரம் நிற்கவில்லை. லோர்னாவின் எண் தொலைபேசித் திரையில் இன்னும் இருந்தது. ஒரு விரல் தொட்டால் போதும். டெஸ்மண்ட் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டார். மடிக்கணினியை இழுத்துப் பயண நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து, அட்டை எண்ணை அடித்து, *செலுத்து* என்பதை அழுத்தினார்.

தொகை போனது. உறுதிச் சீட்டு வந்தது.

*பயணிகள் இருவர். திருமதி க்ளெனிஸ் ட்ரெம்பாத். திருமதி ஐடா ட்ரெம்பாத்.*

மூன்று முறை படித்தார். எழுத்து மாறவில்லை.

"க்ளெனிஸ்."

படுக்கையறைக் கதவு சாத்தியே இருந்தது.

பின்னறையில் ரீங்காரம் நின்றது. டிங் என்று ஒரு மணி.

அவர் எழுந்தார். எழ நினைக்கவில்லை, எழுந்துவிட்டிருந்தார். பின்வாசல் கதவின் பித்தளைக் குமிழ் கையைச் சுட்டது. உள்ளே சூளைச் சூடு. அம்மாவின் நாற்காலி ஜன்னலைப் பார்த்துப் போட்டபடி இருந்தது. ஆணியில் தொங்கும் அவளுடைய வைக்கோல் தொப்பி இல்லை. அது இருந்த இடத்தில் சுவர் வட்டமாக வெளுத்திருந்தது. மைக்ரோவேவ் இருண்டு, தூசி படிந்து, பிளக் பிடுங்கப்பட்டுக் கிடந்தது.

சின்ன ஃப்ரிட்ஜ் மட்டும் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

திறந்தார். உறைபெட்டியிலும் கீழ்த்தட்டிலும் இடைவெளியில்லாமல் டப்பாக்கள். எண்ணினார். எண்ணாமல் இருக்க அவருக்குத் தெரியாது. இருபத்து மூன்று. ஒவ்வொன்றிலும் காகித டேப். க்ளெனிஸின் உருண்டை எழுத்து அல்ல. வலப்பக்கம் சாய்ந்து நடுங்கும் எழுத்து. பள்ளிக்கூடத்தில் அவருடைய சாப்பாட்டுப் பொட்டலத்தின் மேல் இருந்த எழுத்து.

*டெஸ். வியாழன்.*

*டெஸ். வெள்ளி.*

*டெஸ். சனி.*

பின்னால் கதவு மூடிக்கொண்டது. மெதுவாகத்தான். தூங்குகிறவரை எழுப்பக் கூடாதென்று மூடுவதுபோல.

குமிழ் திரும்பவில்லை.

வெளியே சரளைக் கற்களின் மேல் பெட்டிச் சக்கரங்கள் உருண்டன. கார்க் கதவு. இன்னொரு கார்க் கதவு. க்ளெனிஸின் குரல், பல வருடங்களாக அவர் கேட்காத சந்தோஷத்தோடு.

"ஜன்னல் சீட்டு உங்களுக்குத்தான்மா."

யாரோ சிரித்தார்கள். முதலில் மூக்கால் ஒரு இழுப்பு. அப்புறம் இருமல் மாதிரி. அம்மா உயிரோடிருந்தவரை ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. அது டெஸ்மண்ட் இட்டுக்கட்டிய சிரிப்பு. லோர்னாவுக்காக. வருடா வருடம் கொஞ்சம் நீட்டி.

"டெஸ்ஸுக்குத் தினமும் ஃபோன் பண்ணணும்" என்றாள் க்ளெனிஸ்.

"பண்ணுவோம், பண்ணுவோம்" என்றது அந்தக் குரல்.

அவர் கதவை அறைந்தார். கத்தினார். தகரக் கூரை தட்டிய சத்தத்துக்கும் அவர் தட்டிய சத்தத்துக்கும் வித்தியாசமே இல்லை. ஜன்னல் திரையை விலக்கினார். வெள்ளை வெயில். கார் வாசலைத் தாண்டித் திரும்பியது. ஓட்டுபவளுக்குப் பக்கத்தில் ஒரு வைக்கோல் தொப்பி. அது திரும்பிப் பார்க்கவில்லை.

புழுதி எழுந்தது. அடங்கியது.

சமையலறை மேசையில் அவருடைய தொலைபேசி கவிழ்ந்து கிடக்கும். அது அடிக்கிறதா என்று காதைக் கதவில் வைத்து நின்றார். அடிக்கவில்லை. வெளிச்சம் ஜன்னலில் குறைந்தது. கூடியது. குறைந்தது. சட்டைக் காலரில் உப்புப் பூத்திருந்தது. முகவாயில் கை பட்டபோது மயிர் குத்தியது. காலையில்தானே மழித்தார்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதில் ஆட்டுக் கொழுப்பின் ருசி.

மெல்லத் திரும்பினார்.

தொட்டியருகே மூன்று டப்பாக்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மூன்றாவதிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.