முன் சீட்டுக்குக் கறுப்பு!

போன் அலறியது.

டெய்லரக்கா எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது. இரண்டு கையும் மணிக்கட்டு வரை கறுப்பு!

கார் ஷெட்டின் தரையில், கழற்றிப் போட்ட டிரைவர் சீட் உறையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக இதே பிழைப்பு. பக்கத்து சீட் நேற்றே முடிந்துவிட்டது. இது கடைசி உறை, கடைசிக் கோட். சாம்பல் நிறத் துணியைக் கறுப்பாக்குவதற்குள் மனுஷிக்குப் பாதிப் பிராணன் போய்விட்டது.

முதல் நாள் சாயப் பொடியைக் கொதிக்கவைத்து உறையை முக்கிப் பார்த்தாள். கார் சீட் துணி என்ன பருத்தியா, மடக் மடக்கென்று குடிப்பதற்கு? பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு நிறம் வந்தது. அவ்வளவுதான்.

அப்புறம் துணிக்கு அடிக்கும் பெயிண்டை வாங்கி, தண்ணீர் விட்டுக் கரைத்து, பிரஷ்ஷால் தேய்த்து... காயவைத்து... நூல் ஒன்றோடொன்று ஒட்டாமல் மறுபடி தேய்த்து... மறுபடி பூசி... ச்சே! இந்த நேரத்துக்குப் பத்து சட்டை தைத்து முடித்திருக்கலாம்.

போன் விடுவதாக இல்லை. சுண்டு விரலால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"மேனேஜர் வீடுங்களா? இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க வீட்டுக்காரரை விசாரணைக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம்."

"எதுக்கு சார்?"

"அவர் முதலாளி கொலை விஷயமா. உங்க காரைப் பார்க்கணும், கிளம்பி வந்துட்டிருக்கோம். அதுவரைக்கும் கார்ல எதையும் தொடாதீங்கம்மா. முக்கியமா, முன் சீட்டை."

டெய்லரக்கா தன் கைகளைப் பார்த்தாள்.

அடக் கடவுளே...

அவள் புருஷன் ஓர் அச்சகத்தில் மேனேஜர். ஊரே அவரை மேனேஜர் என்றுதான் கூப்பிடும். வீட்டிலும் அப்படித்தான், அதிகாரம் உட்பட!

போன வெள்ளிக்கிழமை அச்சக முதலாளி காணாமல் போனார். திங்கட்கிழமை ஊருக்கு வெளியே ஒரு பாழடைந்த கிடங்கில் கத்திக்குத்துக் காயங்களோடு கிடைத்தார். வெள்ளி மாலை ஆறு மணிக்கு அவரோடு கடைசியாகப் பேசிக்கொண்டிருந்தவர் மேனேஜர்.

போதாதா போலீஸுக்கு?

மேனேஜர் ஒரே பிடியாய் நின்றார். ஆறு மணிக்கே அச்சகத்தை விட்டுக் கிளம்பிவிட்டாராம். வழியில் பைக்கோடு விழுந்து கிடந்த ஒருத்தனை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டாராம். ஆஸ்பத்திரி வாசலில் அவன் உள்ளே வரமாட்டேன் என்று இறங்கிப் போய்விட்டானாம். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் அவன் ரத்தம் சீட்டில் இருக்கிறதே, அதைச் சோதித்துப் பாருங்கள் என்றார்.

இதே கதையைத்தான் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் அவளிடமும் சொன்னார். பார்த்தாலே குமட்டுகிறது, இரண்டு சீட்டையும் கறுப்பாக்கிவிடு, கடைக்கெல்லாம் கொண்டுபோக வேண்டாம், நீதான் டெய்லராச்சே என்று சொன்னதும் சாட்சாத் அவர்தான்.

கழற்றிய முன் சீட்டுகளோடு அவளையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இப்போது அங்கே, பத்துப் பேர் பார்க்க, மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

"வேணாம் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன் சார். கேட்டாளா? எனக்கு இருந்த ஒரே சாட்சி. அதுல பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கா!"

டெய்லரக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நானா? வேண்டாம் என்றாரா? வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கினாள். பாவம், பயத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் வழுக்கைத் தலையைத் தடவினார். எரிச்சலாய் இருந்தார். சீட்டைப் பிரித்துப் பார்த்தாயிற்று. உறை பூராவும் பெயிண்ட். சரி, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சிலாவது இறங்கியிருக்கும் என்று பார்த்தால், அங்கே ஒரு சதுரம் மட்டும் வெள்ளை வெளேரென்று புதுசு!

"இந்த இடத்துல இருந்த பழைய ஸ்பாஞ்ச் எங்கேம்மா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார்.

"குப்பைல போட்டுட்டா சார். நானே கேட்டேன். போட்டாச்சுன்னா."

அவள் தலை தானாக ஆடியது. இருபது வருஷப் பழக்கம். அந்த நிமிஷத்தில் அவளுக்கே அது நிஜமென்றுதான் பட்டது.

வீட்டில் நாத்தனார் காத்திருந்தாள். அடுத்த தெருவில் இருப்பவள். விஷயம் கேள்விப்பட்டதும் ஓடி வந்திருந்தாள். வந்தவள் நின்ற இடத்திலேயே ஆரம்பித்தாள். அண்ணன் சாதுவாம். ஈ எறும்புக்குத் துரோகம் நினைக்காதவராம். அடிபட்டவனுக்கு உதவப் போய் மாட்டிக்கொண்டாராம்.

டெய்லரக்கா தையல் மெஷின் முன்னால் தொப்பென்று உட்கார்ந்தாள். நகக்கண்ணில் கறுப்பு. எத்தனை சோப்பு போட்டும் போகவில்லை. இந்தக் கையாலேயே கட்டின புருஷனை ஜெயிலுக்கு அனுப்பப் போகிறோமே என்று ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது.

நாத்தனார் மெஷினுக்குப் பின்னால் இருந்த துணி மூட்டையைக் காலால் ஓர் உதை விட்டாள்.

"கண்ட கந்தலையும் மூட்டை கட்டி வெச்சிருக்கீங்க அண்ணி. வைக்க வேண்டியதை மட்டும் தூக்கிப் போட்டுட்டீங்க."

டெய்லரக்கா நிமிர்ந்தாள்.

மூட்டையைப் பார்த்தாள்.

தூக்கிப் போட்டோமா? எப்போது போட்டோம்?

போடவே இல்லையே!

பாய்ந்து போய் மூட்டையைப் பிரித்தாள். வெட்டுத் துணி, லைனிங், பழைய காலர், நாடா... எல்லாவற்றுக்கும் அடியில் பேப்பரில் சுற்றிய பொட்டலம். சீட்டிலிருந்து அவளே வெட்டி எடுத்த ஒரு முழச் சதுர ஸ்பாஞ்ச். ஒரு பக்கம் காய்ந்து பழுப்பேறிய கறை. கறையை அப்புறம் வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஊசிமெத்தைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பத்திரப்படுத்தியிருந்தாள்.

மேனேஜருக்கு வீட்டில் துண்டு துணி கிடந்தாலே ஆகாது. குதிப்பார். அவர் கேட்கும்போதெல்லாம் "போட்டாச்சுங்க" என்பாள். எதையும் போட மாட்டாள். எந்தத் தையற்காரி போட்டிருக்கிறாள்?

பொட்டலத்தோடு ஸ்டேஷனுக்கு ஓடினாள். இன்ஸ்பெக்டர் வெளியே போயிருக்கிறார் என்றார்கள். இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். வந்தார், மறுபடி போய்விட்டார். நாளைக்கு வாம்மா என்றார் ரைட்டர். மறுநாள் போனால் மீட்டிங். நாசமாய்ப் போன மீட்டிங்! அவள் நகரவில்லை. வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து, ஜீப் வந்து நின்றதும் குறுக்கே போய் நின்றாள்.

இன்ஸ்பெக்டர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். புருவம் ஏறியது.

"குப்பைல போட்டதா நீங்களே தலையாட்டினீங்களேம்மா?"

"வீட்டுல திட்டு விழும்னு அப்படித்தான் சார் சொல்றது. இருபது வருஷமா."

"இது உங்க கார் ஸ்பாஞ்ச்தான்னு எப்படி நம்பறது?"

அவள் நேரே சீட் இருந்த அறைக்குப் போனாள். புது ஸ்பாஞ்சைப் பிடுங்கினாள். பழையதை அந்தப் பள்ளத்தில் வைத்து அழுத்தினாள். கத்தரி போன போக்கெல்லாம் இம்மி பிசகாமல் பொருந்தியது. ஒரு மூலையில் கை தவறி வளைந்த வெட்டு கூட!

இன்ஸ்பெக்டர் குனிந்து அந்த வெட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுக்குங்கம்மா. நான் வாங்கினா இது லேபுக்குப் போயிடும். அப்புறம் வேணாம்னா முடியாது."

"அனுப்புங்க சார். அவர் வெளில வரணும். எனக்கு அது போதும்."

"ரிப்போர்ட் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. அவர்கிட்டயும்தான்."

மூச்சு விடவில்லை. அவள் பார்க்கப் போனபோதெல்லாம் மேனேஜர் கம்பிக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்தார். வெளியே வந்ததும் பேசிக்கொள்கிறேன் என்றார். டெய்லரக்கா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஸ்பாஞ்ச் கிடைத்தது தெரிந்தால் மனுஷன் குழந்தை மாதிரி அழுதுவிடுவார் என்று உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

ஐந்தாம் நாள் காலை கூப்பிட்டு அனுப்பினார்கள். போகும்போது, அவருக்கென்று அவளே தைத்த புதுச் சட்டை ஒன்றைப் பையில் எடுத்துக்கொண்டாள்.

மேனேஜரையும் அழைத்துவந்து நிறுத்தியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பிரித்தார்.

"லேப் ரிப்போர்ட் வந்துடுச்சு. உங்க கார் ஸ்பாஞ்ச்ல இருந்தது ஒரே ஒரு ஆளோட ரத்தம்."

டெய்லரக்கா கையைக் கூப்பினாள்.

"அந்த பைக்கோட விழுந்தவரோடதுதானே சார்?"

"இல்லம்மா. செத்துப்போன முதலாளியோடது."

மேனேஜர் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்தார். முகம் கோணிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினார்.

"குப்பைல போட்டுட்டேன்னு சொன்னியேடி!"

ரைட்டர் குனிந்து அந்த ஒரு வரியை அப்படியே எழுதிக்கொண்டார்.

அவளுக்கு எல்லாம் புரிந்தது. அச்சகத்தில் அச்சாகும் பரீட்சை வினாத்தாள்களை மேனேஜர் வெளியே கடத்தியதையும், முதலாளி அதைக் கண்டுபிடித்துவிட்டதையும் இன்ஸ்பெக்டர் விளக்கிக்கொண்டிருந்தார். அவள் காதில் பாதிதான் விழுந்தது. அடிபட்டவன் எவனும் இல்லை. மூன்று நாள் முதுகு ஒடிய அவள் துடைத்தது இவர் செய்த கொலையை. அதையும் செய்ய வைத்து, பழியையும் அவள் தலையிலேயே போட்டிருக்கிறார். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, இருபது வருஷத்துக் கோபம்.

"நான் பொய் சொன்னது திட்டுக்குப் பயந்துங்க," என்றாள் அவரைப் பார்த்து. "நீங்க சொன்னது எதுக்குப் பயந்து?"

மேனேஜர் தலையைத் தொங்கப்போட்டார். கான்ஸ்டபிள் அவர் தோளில் கை வைத்தார்.

இன்ஸ்பெக்டருக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டார்.

"பையில என்னம்மா?"

"புதுச் சட்டை சார். வெளில வரும்போது போட்டுக்கட்டும்னு எடுத்துட்டு வந்தேன்."

"பரவால்ல. குடுக்கறதுன்னா குடுத்துட்டுப் போங்க."

டெய்லரக்கா பையை இறுக்கி மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"சட்டையை நான் எடுத்துட்டுப் போறேன் சார். நல்ல துணி. ஆளை நீங்க வெச்சுக்குங்க."