தங்கையின் சுடர்

வரவேற்பறையில் மெழுகுவத்தி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அந்த நண்பகலில் அறை முழுக்க உருகிய மெழுகின் வாசம். ஓவியங்களைப் பழுதுபார்ப்பவள் கருவிப்பெட்டியை இறக்கி வைத்ததும் மூக்கு முதலில் அதைத்தான் பிடித்தது.

வீட்டுக்காரம்மா நாற்காலியில் இருந்தபடியே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க வீட்டுல இந்த மாதிரி படமெல்லாம் மாட்டுவீங்களா?"

"ஆணி அடிச்சாலே ஹவுஸ் ஓனர் கத்துவாரும்மா."

சுவரில் குடும்ப ஓவியம். அப்பா, அம்மா, இரண்டு சிறுமிகள். ஆளுக்கொரு மெழுகுவத்தி. சுடர் எரிந்தால் அந்த ஆள் உயிரோடு இருப்பதாகப் பொருள். யாராவது இறந்தால் ஓவியரை வரவழைத்து இறந்தவரின் சுடரைக் கருப்பால் அணைப்பது அந்த வீட்டு வழக்கம். அப்பாவுடையதும் அம்மாவுடையதும் அணைந்திருந்தன. மூத்த மகளான வீட்டுக்காரம்மாவின் சுடர் எரிந்தது.

தங்கையின் சுடரும் எரிந்தது.

"அவ செத்து அறுபது வருஷமாச்சு. அதை மட்டும் அணைச்சுக் குடுத்துட்டுப் போ. வேற எதையும் நோண்டாதே."

நோண்டாமல் எந்த வேலையும் ஆரம்பிப்பதில்லை என்பது இவள் படித்த படிப்பு. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். யார் அதட்டினாலும் அதை விட்டுக்கொடுக்கமாட்டாள். பஞ்சை நனைத்துச் சுடரின் ஓரத்தைத் துடைத்தாள். மஞ்சள் வந்தது. அடியில் கருப்பு. அதற்கடியில் மறுபடி மஞ்சள். மறுபடி கருப்பு.

"எத்தனை தடவைம்மா அணைச்சீங்க?"

"கணக்கே இல்ல. அணைச்சதும் கொஞ்ச நாள்ல திரும்ப எரியுது."

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த கருப்பு தூரிகையால் பூசியதல்ல. ரேகை தெரிந்தது. குழந்தையின் விரல்.

"முதல்ல அணைச்சது யாரு?"

பதிலுக்கு மாடிப்படியில் ஒரு சத்தம். சின்னப் பாதம்.

வீட்டுக்காரம்மாவின் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "எனக்கு ஒம்பது வயசு. எல்லாரும் அவளையே கொஞ்சினாங்க. ஒரு கோவத்துல மையைத் தொட்டு... மறுநாள் காலையில அவ எந்திரிக்கவே இல்ல."

"உசுரோட இருந்த பிள்ளையை அணைச்சிட்டீங்க."

"அவ இறங்கி வர்றா. சீக்கிரம் பூசு. உன்னைக் கும்பிடறேன்."

கருப்பு தோய்ந்த தூரிகை சுடருக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது.

"அந்தப் பாவத்தை இன்னொரு தடவை நான் செய்யமாட்டேன்."

தூரிகையைத் துடைத்தாள். கருப்பு வண்ண டப்பாவை இறுக்கி மூடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

கடைசிப் படி.

பிறகு தரை.

முதுகுக்குப் பின்னால் சில்லென்று எதுவோ கடந்து போனது. ஊதி அணைத்த திரியின் புகை நாறியது.

திரும்பினாள். வீட்டுக்காரம்மாவின் தலை ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கண்கள் திறந்தே இருந்தன. படத்தில் அவளுடைய சுடர் கருத்திருந்தது, நடுவில் ஒரு சின்ன விரல்ரேகையோடு.

பெட்டியை அள்ளிக்கொண்டு ஓடினாள். பேருந்தில் ஏறி, கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்த பிறகுதான் பெட்டியைத் திறக்கத் துணிவு வந்தது.

கருப்பு டப்பாவின் மூடி கழன்று கிடந்தது. வண்ணத்தில் சின்னதாக ஒரு விரல் தோய்ந்த பள்ளம்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குப் பக்கத்தில் இன்னொரு பள்ளம் விழுந்தது.