முப்பது நொடி

ஜவ்வாது மலை மேல், சுற்றிலும் மரமும் பாறையும் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில், பச்சைத்தோல் வாடை அடித்தது. உப்புப் போட்டு இரண்டு நாள் கிடந்த தோல். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியின் குடோனில் பதினான்கு வருஷம் சோறு தின்றவன் நவீத், அவனுக்கு அது தெரியாத வாடையா? வேறு ஊர்க்காரனாக இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, எது செத்துக் கிடக்கிறது என்று தேடியிருப்பான். நவீத் தன் ஜாக்கெட்டைத்தான் குறை சொன்னான்.

"எங்க போனாலும் கம்பெனியும் கூடவே வருது பாய்," என்று கோபி சிரித்தான்.

கோபி அதே கம்பெனியில் தோல் பதனிடும் டிரம் ஓட்டுகிறவன். நட்சத்திரப் பித்து நவீத்துக்குத்தான். கோபி வெறும் துணை. அவன் மனைவி சங்கீதாவுக்கு எட்டு மாசம். "ஒரே ராத்திரிம்மா, விடியறதுக்குள்ள கொண்டாந்து வுட்டுர்றேன்," என்று நவீத் அவளிடம் வாக்குக் கொடுத்துத்தான் கூட்டி வந்திருந்தான். பனிக்காலத்து அமாவாசை வானத்தை விட மனசில்லை. தனியாக வரத் தைரியமும் இல்லை. உள்ளதைச் சொன்னால் அவ்வளவுதான் விஷயம்.

கேமராவை முக்காலியில் பூட்டி, மர வரிசையைப் பார்க்கத் திருப்பி வைத்தான். முப்பது முப்பது நொடியாக அது தானே படம் எடுத்துக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் பிறகு ஒன்றாகச் சேர்த்தால் நட்சத்திரங்கள் வட்டக் கோடுகளாக வரும். முப்பது நொடி திறந்திருக்கும் கேமராவில், எதிரே நடந்து போகிற ஆள் விழவே மாட்டான். சும்மா நிற்கிற ஆள்கூட மூச்சு விடுகிற அசைவில் கலங்கித்தான் விழுவான். பாறை மட்டும்தான் பாறையாக விழும். டார்ச் வெளிச்சம் ஒரு கீற்றுப் பட்டால் போதும், மொத்தமும் பாழ். "டார்ச்ச மட்டும் போட்றாத கோபி," என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான்.

கோபி கேமராவுக்கு எதிரிலேயே ஜமுக்காளத்தை விரித்துப் போர்வைக்குள் சுருண்டான். நட்சத்திரங்களுக்குக் கீழே ஒரு ஆள் கிடப்பதும் படத்துக்கு நல்லதுதான் என்று நவீத் விட்டுவிட்டுக் காருக்குள் போய்ப் படுத்தான்.

குளிர் ஏறியது. விரல்கள் முதலில் வலித்தன, பிறகு வலியும் நின்றுபோயிற்று. முப்பது நொடிக்கு ஒரு தரம் கேமராவின் க்ளிக், இடையிடையே சருகில் பனி சொட்டும் சத்தம், கண்ணாடி இடுக்கு வழியாக அந்த வாடை, "ஒண்ணுக்குப் போய்ட்டு வர்றேன் பாய்" என்று கோபி செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனது, எல்லாமே அடுத்த வீட்டில் நடப்பது போல அரைத் தூக்கத்தில் அவனுக்கு எட்டிக்கொண்டிருந்தன.

மூடிய இமை மேல் வெளிச்சம் பட்டது. மரங்கள் பக்கமிருந்து. அங்குமிங்கும் ஆடியது.

கண்ணைத் திறக்காமலே கத்தினான். "டேய், டார்ச்ச அணைடா! படம் பேஜாராய்டும்!"

உடனே அணைந்தது. சற்றுப் பொறுத்து ஜமுக்காளத்தில் ஆள் வந்து உட்காரும் சரசரப்பு கேட்டது. நவீத் நிம்மதியாகப் புரண்டு படுத்தான்.

மூன்று மணிக்கு க்ளிக் நின்றது. குளிரில் பேட்டரி தீர்ந்திருந்தது. இறங்கிப் போய் வேறு பேட்டரி மாற்றினான். வாடை இப்போது தொண்டை வரை இறங்கியது. ஜாக்கெட் கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தான். சோப்பு வாசனை. ஊரிலிருந்து கிளம்புமுன் அவன் மனைவி ஜஹீதா துவைத்து வெயிலில் காய வைத்திருந்தாள்.

படங்களை முதலிலிருந்து தள்ளினான். மரங்களுக்கு நடுவே ஏதோ நின்றிருந்தது. ஆள் உயரம். ஓரங்கூடக் கலங்கவில்லை. அடுத்த படத்திலும் அங்கேயே. பத்துப் படம் தள்ளினால், மரங்களுக்கு முன்னால். ஜமுக்காளத்தில் கோபி கலங்கலான ஒரு குவியலாகக் கிடந்தான்.

பிறகு ஜமுக்காளம் காலி.

அடுத்த படத்தில் வெள்ளைக் கிறுக்கல். டார்ச் வெளிச்சம். ஆள் உயரத்தில் ஆரம்பித்து, ஒடிந்து, தரையோடு தரையாக மரங்களுக்குள் இழுபட்டிருந்தது.

அதற்கடுத்தது இருட்டு.

அதற்கும் அடுத்ததில், ஜமுக்காளத்தில் கோபி. கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஸ்வெட்டர் பொத்தானை எண்ணலாம். அவ்வளவு தெளிவு. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். நாற்பது படம்.

நவீத் தலையைத் தூக்கினான். ஜமுக்காளம் பத்தடி தூரம். கேமரா திரையின் வெளிச்சத்தில் தன் மூச்சு புகையாகப் போவது தெரிந்தது. எதிரில் புகை இல்லை.

"போலாமா பாய்?"

கோபியின் குரல்தான்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு மரங்களுக்குள் ஓடியிருக்க வேண்டும். கோபிக்கு இன்னும் உயிர் இருந்திருக்கலாம். அது நவீத்துக்குத் தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது, ஆனால் விரலைப் போல உள்ளேயும் எல்லாம் மரத்துப் போயிருந்தது. லென்ஸுக்கு மூடி போட்டான். முக்காலியை மடித்தான். கார்க் கதவைத் திறந்து விட்டான்.

அது ஏறி உட்கார்ந்தது. வாடையும் கூடவே ஏறியது.

மலையிறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் நவீத் ஆடினான், சாமான்கள் ஆடின. பக்கத்து சீட்டில் ஆட்டம் இல்லை. ஆலங்காயம் போயிற்று. வாணியம்பாடி போயிற்று. அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஆம்பூரில் விடியத் தொடங்கியிருந்தது. சங்கீதா வாசலுக்கே வந்துவிட்டாள். "சொன்ன மாதிரியே கொண்டாந்து வுட்டீங்க நவீத்ணா," என்று சிரித்தாள். கார்க் கதவைத் திறந்து, அதன் கையைப் பிடித்தாள்.

"அய்ய, இன்னாங்க கை இப்படி சில்லுனு இருக்குது?"

நவீத் ஸ்டியரிங்கை விடவில்லை. இறங்கியும் வரவில்லை.

அவள் அந்தக் கையைத் தன் இரு கைக்குள் வைத்துத் தேய்த்தாள். பிறகு இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"ராத்திரி பூரா உதைச்சிட்டே இருந்துச்சு, தூங்கவே வுடல. நீங்க கை வெச்சதும் கம்முனு ஆய்டுச்சு பாருங்களேன்."

சங்கீதா சிரித்தாள். கை வயிற்றின் மேலேயே இருந்தது.