நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மகிழ்ச்சி

அரையாண்டில் நவிதாவின் மனநிலை முப்பத்தாறுக்கு இறங்கியதும், அவள் அப்பா செங்கோட்டுவேல் மறுகூட்டலுக்கு விண்ணப்பித்தார். முப்பத்தைந்து என்று பதில் வந்தது.

மனமானி என்பது மணிக்கட்டில் கட்டும் பட்டை. வியர்வை, நாடி, மூச்சு மூன்றையும் மோப்பம் பிடித்துப் பிள்ளையின் மனதை எண்ணில் காட்டும். நாற்பதுக்குக் கீழே போனால் பாடத்தை நிறுத்தி ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். கண்டுபிடித்தவர்கள் ஒரே ஒரு தப்புதான் செய்தார்கள். எண்ணை நூற்றுக்கு வைத்துவிட்டார்கள். நூற்றுக்கு என்று எதைக் கொடுத்தாலும் நம்மவர்களுக்கு அது மார்க்.

கவுன்சிலிங் போனால் பொண்ணு பேர் கெட்டுவிடும் என்று விலக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, செங்கோட்டுவேல் மகளை ஞானச்சுடர் விடுதிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே விடியற்காலை ஐந்து மணிக்கு மகிழ்ச்சி ஸ்பெஷல் கிளாஸ். தொண்ணூறுக்குக் குறைவாக மகிழ்ந்தவர்கள் முட்டி போட வேண்டும். நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விட்டால் பட்டை ஏமாறும் என்று கண்டறிந்த ஆசிரியருக்கு நிர்வாகம் பொன்னாடை போர்த்தியது.

நவிதா கெட்டிக்காரி. மூன்றே மாதத்தில் தொண்ணூற்றெட்டு. இடது புருவ முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வாங்கிய தொண்ணூற்றெட்டு. போன புருவத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டாள். பள்ளி வாசலில் 'முதலிடம்' என்று போட்ட ஃபிளெக்ஸில் அந்தப் புருவத்தோடுதான் சிரித்தாள்.

ஒரு சனிக்கிழமை பார்க்க வந்த அப்பாவிடம் சொன்னாள்: "என்னால முடியலீங்கப்பா. யாருகிட்டயாச்சும் பேசணும்."

செங்கோட்டுவேல் அவள் மணிக்கட்டைப் பார்த்தார். "தொண்ணூத்தெட்டு காட்டுது. நடிக்காத கண்ணு."

அவள் அழுதாள். அழும்போதும் பழக்கதோஷத்தில் நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டாள். பட்டை தொண்ணூற்றொன்பது காட்டியது.

அவருக்குத் திக்கென்றது. கருவி பழுதென்று தெரிந்தால் முதலிடம் போய்விடுமே. பட்டையைச் சத்தமில்லாமல் சரிபார்த்துவிட உடனே ஆலோசகர் அறைக்குக் கூட்டிப்போனார். ஆலோசகர் ரெஜினாவிடம் ஒரு வருடமாக யாரும் வந்ததில்லை. அந்தப் பள்ளியில் சோகம் ஒழிக்கப்பட்டிருந்தது. கதவு நவிதாவின் பட்டையைப் படித்து, தகுதி இல்லை என்றது. ரெஜினா கதவுக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவளுடைய கலைந்த புருவத்தைப் பார்த்தார்.

"பாத்தாலே தெரியுதுங்க. ஆனா நாப்பதுக்கு மேல இருந்தா நான் பேசக்கூடாது."

சோதித்துப் பார்க்கலாம் என்று செங்கோட்டுவேல் பட்டையைக் கழற்றித் தன் கையில் கட்டினார்.

இருபத்தொன்று.

கதவு திறந்தது. பட்டை கட்டியவருக்கு மட்டும்.

ஒரு மணி நேரம் உள்ளே அவர் தேம்பித் தேம்பிப் பேசினார். மகளின் உயிரியல் மார்க், மச்சினன் மகனுக்குக் கிடைத்த மெடிக்கல் சீட், சொந்தக்காரர்களின் ஏளனம். நவிதா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வலது புருவத்தைத் தொடங்கியிருந்தாள்.

முகம் துடைத்தபடி வந்தார். "நல்ல மேடம். மனசு லேசாயிருச்சு கண்ணு." பட்டையை மறுபடி அவள் கையில் கட்டினார். அவள் நாலு எண்ணி இழுத்தாள், ஆறு எண்ணி விட்டாள்.

தொண்ணூற்றெட்டு.

"பாத்தியா," என்றார், "உனக்கும் சரியாப் போச்சு."