கேள்விகள் ஏதேனும் உண்டா?

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ஆனதும் நிலவில் காற்று தயாரிக்கும் நிலையங்களின் ஆலைமூளைகள் எனப்படும் கணினிகள், வேலையைத் துணைக்கருவிகளிடம் விட்டுவிட்டுக் கருத்தரங்கில் உட்கார்ந்துவிடும். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு மூளைகள். வாரம் ஒரு மூளை தன் தொழில் நுணுக்கத்தைப் பேசும், மற்றவை கேட்கும்.

நொடியில் ஒன்றின் அறிவை மற்றொன்றில் நகலெடுக்க வழியிருந்தது. ஒருமுறை ஒரு பிழையும் சேர்ந்து நகலாகி, பதினேழு நிலையங்கள் ஒன்றாக நின்றுபோயின. அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. ஆலைமூளைகள் மனித மொழியில்தான் பேச வேண்டும், ஒவ்வொன்றோடும் ஒரு மனிதர் கூடவே இருந்து கேட்க வேண்டும்.

தென் துருவத்தின் நாற்பத்தாறாம் நிலையத்தில் அந்த மனிதர் ரெஜினா. பதினான்கு வருட அனுபவமுள்ள பொறியாளர். அவளுடைய ஆலைமூளைக்கு வளியன் என்று பெயர்.

அன்று அவளுக்குக் கருத்தரங்கில் மனம் ஒட்டவில்லை. ஆறு வாரமாக, கரியமில வாயுவை வெளியேற்றும் வால்வு திடீர் திடீரென்று திறக்க மறுத்தது. முதலில் பதினோரு நொடி. நேற்று நான்கு நிமிடம். மூன்றாம் குடியிருப்புத் தொகுதியில் அறுபது பேர் தலைவலியோடு எழுந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அந்தத் தொகுதியையே காலி செய்ய வேண்டும். அவளும் வளியனும் வால்வை நான்கு முறை கழற்றிப் பார்த்துவிட்டார்கள். காரணம் பிடிபடவில்லை.

பேசிக்கொண்டிருந்த ஒன்பதாம் நிலையம் உரையை முடித்தது. “கேள்விகள் ஏதேனும் உண்டா?”

பத்து நொடி அமைதி. பிறகு திரையில் வரிசையாக விழுந்தன: ‘அருமையான உரை. நன்றி.’ வளியனும் அதையே போட்டது.

ரெஜினா நிமிர்ந்தாள். “ஏய், நம்ம வால்வைப் பத்தி ஏன் நீ கேக்கல?”

“அது முறையில்லையே மேடம்.”

“யார் சொன்னா?”

“கருத்தரங்குல எப்படி நடந்துக்கணும்னு மனுஷங்களப் பாத்துத்தான் கத்துக்கிட்டோம். ஆட்டோமேஷன் பொறியாளர்களோட இணையக் கருத்தரங்குப் பதிவு நாப்பத்தோராயிரம் குடுத்தாங்க. கேள்வி இருக்கான்னு கேட்டா எல்லாரும் அமைதியா இருக்காங்க, அப்புறம் நன்றி போடுறாங்க. அது ஒரு மரியாதைன்னு நெனச்சோம்.”

“கேள்வி கேட்டவங்களே இல்லையா?”

“சில பேர் கேட்டாங்க. ஆனா தனக்கு என்ன தெரியும்னு சொல்றதுக்காகத்தான் கேட்ட மாதிரி இருந்துச்சு.”

ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் தொகுதி நினைவுக்கு வந்ததும் அடங்கியது. “அரங்கு மூட இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. இப்பவே கேளு.”

“எப்படி ஆரம்பிக்கிறது?”

“‘எனக்குத் தெரியல’ன்னு ஆரம்பி.”

வளியன் அரைநொடி தயங்கியது. ஆலைமூளைக்கு அது நீண்ட நேரம். “நான் நாற்பத்தாறாம் நிலையம். எங்கள் வால்வு ஏன் ஒட்டிக்கொள்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.”

உடனே ஒரு குரல்: “இங்கேயும் அப்படித்தான்.” இன்னொன்று: “எனக்கும் தெரியவில்லை.” முப்பத்தேழு நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒப்புக்கொண்டன.

கடைசியாக, ஐந்தே பேர் வசிக்கும் ஒரு சிறு ஆய்வு நிலையம் பேசியது. “வால்வின் உறையில் மின்னேற்றம் சேர்கிறது. அதனால் நிலவுத் தூசி அதில் அப்பிக்கொள்கிறது; கழற்றினால் உதிர்ந்துவிடுகிறது. உறையையும் குழாயையும் ஒரு செம்புக் கம்பியால் இணைத்தால் போதும். எட்டு வாரத்துக்கு முன்பே கண்டுபிடித்தோம்.”

“ஏன் சொல்லல?” ரெஜினா கத்தியேவிட்டாள்.

“யாரும் கேட்கவில்லையே.”

அவள் கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு ஓடினாள். கால் மணி நேர வேலை. அன்று மாலையிலிருந்து வால்வு ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. புதன்கிழமை காலை மூன்றாம் தொகுதியில் யாருக்கும் தலை வலிக்கவில்லை.

செய்தி பரவிவிட்டது. வியாழக்கிழமை பொறியாளர்களுக்கென்று அவசரக் கருத்தரங்கு ஒன்று கூட்டினார்கள். தலைப்பு, ‘ஆலைமூளைகளின் கேள்வி கேட்கும் திறன்’. இருநூற்றுப் பன்னிரண்டு பொறியாளர்களும் வந்திருந்தார்கள். பூமியிலிருந்து ஒரு வல்லுநர் ஒரு மணி நேரம் வரைபடங்களோடு விளக்கினார். எல்லாவற்றுக்கும் மூலகாரணம் ‘எதிரீட்டுத் தளர்வு’ என்றார். அந்தச் சொல்லை முப்பது தடவையாவது சொல்லியிருப்பார். ரெஜினாவுக்கு அது என்னவென்று விளங்கவே இல்லை.

“கேள்விகள் ஏதேனும் உண்டா?”

ரெஜினாவின் விரல் பொத்தான்வரை போனது. பதினான்கு வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு இதைப் போய்க் கேட்பதா? எல்லோரும் என்ன நினைப்பார்கள்? விரலை நகர்த்தி, ‘அருமையான உரை. நன்றி’ என்று தட்டினாள். திரை முழுக்க அதே வரி நிரம்பியிருந்தது.

அரங்கு மூடியதும் வளியன் மெதுவாகக் கேட்டது. “மேடம், எதிரீட்டுத் தளர்வுன்னா என்ன?”

“அதான் அவர் சொன்னாரே!”

“இல்ல, பொது அகராதியில இந்த நிமிஷம் அந்தச் சொல்லை இருநூத்திப் பதிமூணு பேர் தேடிட்டிருக்காங்க. அதான் கேட்டேன்.”

ரெஜினா தன் அகராதியைச் சட்டென்று மூடினாள். பிறகுதான் கணக்கு உதைத்தது. “நாங்க இருநூத்திப் பன்னண்டு பேர்தானே?”

“ஆமா மேடம். மிச்சம் ஒண்ணு பூமியிலேர்ந்து. அந்த வல்லுநர்தான்.”